பாகான் டாலாமில் வீடு நடந்த கதை

என் தங்கை குஞ்சம்மாளைத் திரும்ப அழைத்து வரத்தான் பினாங்குக்குக் கப்பல் ஏறினேன். அதைத் தவிர அந்தச் சீமையில் எனக்கு வேறு ஜோலி கிடையாது. அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. மன்னார்குடிப் பத்திரப் பதிவு ஆபீசில் நகல் எழுதும் வேலை. அப்பா போன பிறகு இரண்டு தம்பிகளின் படிப்பு, மூன்று தங்கைகளின் கல்யாணம், ஒரு பாகப்பிரிவினை வழக்கு என்று வரிசையாக முடித்துவிட்டு, இனிக் கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்திருந்த சமயம். மூத்தவனைக் கேட்டுக்கொண்டு யாரும் அவன் கழுத்தில் நுகத்தடி வைப்பதில்லை.

குஞ்சம்மாளின் புருஷன் கோவிந்தசாமி, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் பிறை என்ற இடத்தில் ரயில்வே பாயின்ட்ஸ்மேனாக இருந்தவன். நான்தான் மாப்பிள்ளை பார்த்தேன். அரை மணி நேரம் பார்த்தேன். கல்யாணம் முடிந்த மாதமே அவளைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டான். அது நடந்து பன்னிரண்டு வருஷம். குழந்தை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் கோவிந்தசாமி போய்விட்டான். வந்துவிடு என்று நாலு கடிதம் போட்டோம். யாரோ எழுதிக் கொடுத்த எழுத்தில் நாலுக்கும் ஒரே பதில் வந்தது: "நான் சௌக்கியம். இப்போது வர இயலாது."

"யாரோ புடிச்சு வச்சிருக்காங்கடா அவளை. நீ போயி கையோட கூட்டிக்கிட்டு வந்துடு" என்றாள் அம்மா. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

நாகப்பட்டினத்திலிருந்து ஏழு நாள். மேல்தட்டில் பாயை விரித்து, மடக்கிய காலை நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்தே போனேன். மூன்றாம் நாளே கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டன. பினாங்கு மலை கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லோரும் மூட்டையைக் கட்டினார்கள். ஆனால் எங்களைப் போன்ற தட்டுப் பிரயாணிகளை ஊருக்குள் விடவில்லை. நோய்த் தடுப்புக்கென்று பக்கத்தில் ஒரு சின்னத் தீவில் இறக்கிவிட்டார்கள். மருந்து நாற்றமடிக்கும் தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள். துணிகளை வாங்கி நீராவியில் போட்டு எடுத்தார்கள். தங்கை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகவென்று வைத்திருந்த என் ஒரே ஜரிகை வேட்டி மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழுந்து திரும்பி வந்தது.

எதிரே பினாங்கு. கப்பல்களின் ஊதல்கூடக் கேட்கும். போகத்தான் முடியாது. கல்யாணப் பந்தலில் உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் இருப்பது போல. காலையும் மாலையும் சோறு, பருப்பு, கருவாடு. தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஒருநாள் எங்களை விட்டார்கள்.

துறைமுகத்தில் இறங்கியதும் ஒரு சீனக் கிழவன் ரிக்‌ஷாவைக் கொண்டுவந்து என் முன்னே சாய்த்தான். தங்கையின் கடிதத்தில் இருந்த ஊர்ப்பெயரில் எனக்கு நினைவிருந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன்: "பாகான்." அவன் தலையை ஆட்டிவிட்டு ஓடத் தொடங்கினான். கடைத்தெரு போயிற்று. தண்டவாளத்தில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. பெரிய பெரிய பங்களாக்கள் வந்தன. என்னைவிட மூத்தவன் ஒருவன் ஓட, நான் உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருந்தது. ஒரு மேட்டில் இறங்கி நடந்தேன். அவன் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். வீங்கிய காலோடு நான் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்த்துத்தான் சிரித்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு கடற்கரையில் நிறுத்தினான். வலை காய்கிறது, நாலைந்து குடிசை, ஒரு தென்னந்தோப்பு. "பாகான்" என்றான். இறங்கி, குஞ்சம்மாள், ரயில்வே, கோவிந்தசாமி என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பங்களா ஒன்றின் வேலியருகே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தமிழர் ஒருவர்தான் கைகொடுத்தார்.

"அண்ணே, இது பாகான் ஜெர்மால். நீங்க கேக்கறது பாகான் டாலாம். அது கடலுக்கு அந்தாண்ட. பெர்ரியில ஏறிப் போவணும்."

"இரண்டும் பாகான் என்றால் எப்படி?"

"பாகான்னா படகு வந்து சேர்ற எடம். இந்த ஊர்ல கரை இருக்கற எடம் பூரா பாகான்தான் லா" என்றார், அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டி.

திரும்பி நகரத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இனி அக்கரைக்குப் போய் இருட்டில் வீடு தேடத் தெம்பில்லை. சூலியா தெருவில் நாகூர்ப் பக்கத்து ராவுத்தர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் மாடியில் படுக்க இடம் கிடைத்தது. தெரு முழுக்கத் தமிழ்தான். காசுக்கடை, கைலிக் கடை, அத்தர்க் கடை எல்லாவற்றிலும் நம் பேச்சு. ஏழு நாள் கடலைத் தாண்டி வந்ததே பொய்யோ என்று தோன்றியது. ராவுத்தர் சோற்றின்மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று நாலு சட்டியிலிருந்தும் ஒரு கரண்டி ஊற்றினார். ஒன்றோடு ஒன்று கலந்து, எதுவென்று சொல்ல முடியாத ருசி. பசியில் பாதிச் சோறு போனது தெரியவில்லை.

"எங்க பயணம்?" என்று கேட்டார் ராவுத்தர்.

"பாகான் டாலாம்."

"ஆங், வளர்ற ஊரு. போனீங்கன்னா குஞ்சக்கா கடையில பசியாறுங்க. நம்ம சாமான் ஏத்துற ஆளுங்க அந்தப் பக்கம் போனா அங்கதான் பசியாறுவானுங்க. அந்த அம்மாவும் மன்னார்குடிப் பக்கம்னு கேள்வி. உங்களுக்குச் சொந்தமா?"

கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. என் தங்கை, புருஷனை இழந்தவள், முகம் தெரியாத ஆம்பிளைகளுக்குச் சோறு விற்கிறாள்.

"ஊர்க்காரங்க" என்றேன். மேலே அவர் கேட்கவில்லை. மாடியில் எட்டுப் பேர் நடுவில் படுத்துக்கொண்டு, இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ரயில்வேக்காரர்கள் கொடுத்த வீட்டில் கௌரவமாக இருந்தாள் என்று சொல்லிவிடலாம். எப்படியும் கூட்டிக்கொண்டு போய்விடுவோம், யார் கடல் தாண்டி வந்து விசாரிக்கப் போகிறார்கள்?

மறுநாள் காலை பெர்ரியில் ஏறினேன். கோழிக்கூடை, சைக்கிள், நார்த்தங்காய் மூட்டை, தலையில் தொப்பி வைத்த மலாய்க்காரர்கள், தூங்கி வழியும் சீனக் கணக்கப்பிள்ளைகள். கால் மணி நேரம்தான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அக்கரையில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தேன். வழியெல்லாம் முழங்கால் சேறு. ஒரு செருப்பு சேற்றிலேயே போயிற்று. பிறகு ஓரிடத்தில் சேறு சட்டென்று நின்று, காலடியில் நறநறவென்று கருப்புத் தரை வந்தது. அங்கேதான் பாகான் டாலாம் ஆரம்பிக்கிறது.

குஞ்சம்மாள் கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. புகையும் ஆட்களும் இருந்த இடம் அதுதான். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலை வேய்ந்த கூரை. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கற்களின் மேல் நிற்கும் மரக்கால்கள். முன்னால் நாலு பெஞ்சு. இருபது பேர் மழைக்கு ஒடுங்கி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். அவள் அகப்பையோடு திரும்பினாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அனுப்பிய ஒல்லிப் பெண் இல்லை. நீலத்தில் பூப்போட்ட சேலை கட்டியிருந்தாள்.

"அண்ணே" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் காலைப் பார்த்தாள். "செருப்பு எங்க ஒண்ணு? உக்காரு மொதல்ல. பசியாறிட்டுப் பேசலாம்."

தட்டில் இட்லி வந்தது, தொட்டுக்கொள்ள நெத்திலி போட்ட சம்பால். இட்லி நம் வீட்டு இட்லி. சம்பாலில் ஏதோ ஒரு வீச்சம், கடலைக் காயவைத்து இடித்தது போல. அது இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் பெலாச்சான் என்று பிறகு சொன்னாள். நான் தலையைக் குனிந்து தின்றேன். பக்கத்தில் இருந்தவன் தட்டை நீட்டி, "அக்கா, இன்னும் ரெண்டு லா" என்று கேட்டான். அவன் கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. அதில் தவறு ஏதும் இல்லை என்பதும் பிடிக்கவில்லை.

அன்று பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானச் சோறு, சாயங்காலக் கோப்பி என்று அவளுக்குக் கை ஓயவில்லை. நான் பின்னறையில் படுத்து, மாலை வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

அடுத்த நாள் மரியசூசை என்பவர் என்னை ஊரைச் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். கப்பலில் மூட்டை இறக்கும் ஆட்களுக்குத் தண்டல் அவர், அதாவது மேஸ்திரி. ஐம்பது வயதிருக்கும். கழுத்து எருதுக்கு இருப்பது போல இருக்கும். எனக்கு எந்த ஊரையும் பார்க்கும் ஆசை இல்லை. கணுக்கால் இன்னும் வடியவில்லை. ஆனால் அவர் விடவில்லை.

"இந்தத் தரை என்னன்னு தெரியுதா?" என்று காலால் கிளறிக் காட்டினார். "இஞ்சின் கரி. எரிஞ்ச சாம்பக்கட்டி. நாங்க வந்தப்ப எட்டுக் குடும்பம். இங்க பூரா கண்டல் காடும் சேறுந்தான். ராத்திரி கடல் ஏறுனா வீட்டுக்குள்ள நண்டு ஓடும். வேலை முடிஞ்சு வர்ற ஒவ்வொருத்தனும் இஞ்சின் ஷெட்லேருந்து ஒரு கூடை கரிச்சாம்பல தலையில தூக்கிட்டு வருவான். வந்து அவனவன் வாசல்ல கொட்டுவான். உங்க மச்சான் கோவிந்தசாமிதான் இத ஆரம்பிச்சு வச்சது."

நான் அரை மணி நேரம் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி அவர் அரை நாள் பேசினார்.

வாசல் வாசலாகக் கொட்டிய சாம்பல் ஒன்று சேர்ந்து சந்தாயிற்று. சந்துகள் சேர்ந்து ஊராயிற்று. மூன்று கிணறு தோண்டி மூன்றிலும் உப்பு. நாலாவதில்தான் நல்ல தண்ணீர். உப்புக் கிணறுகளை மூடவில்லை, ஒன்றில் துணி துவைக்கிறார்கள், ஒன்றில் மாட்டைக் குளிப்பாட்டுகிறார்கள். ஒரு கொட்டகையில் பள்ளிக்கூடம். துறைமுகத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, ஒருவர் வேலை முடிந்து வந்து சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். தூங்கி விழும் பிள்ளைகளையும் தூங்கி விழும் வாத்தியாரையும் நான் பார்த்தேன். அம்மன் கோவிலுக்கும் மாதா படத்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் கூரை போட்டிருந்தது. கீரை விற்கும் சீனத்தி ஒருத்தி, "அக்கா, முருங்கக்கீர, இளசு!" என்று கூவிக்கொண்டு போனாள். கண்ணை மூடிக் கேட்டால் நம் ஊர் மூன்றாம் தெருதான்.

விடியலுக்கு முன் இஞ்சின் ஊதினால் ஊர் எழுந்திருக்கிறது. ஆண்கள் கப்பலுக்கும் ரயிலுக்கும் போன பிறகு கிணற்றடியில் பெண்களின் சண்டை. மத்தியானம் வெயிலில் கரித்தரை சுடும், யாரும் வெறுங்காலோடு நடக்க முடியாது. மாலையில் கள்ளுக்கடைக்குப் போகிறவர்களும் அவர்களைத் தேடிப் போகிறவர்களும். நம் ஊரில் ஒருவன் எந்தத் தெரு என்று கேட்டால் போதும், மீதியெல்லாம் தெரிந்துவிடும். இங்கே எந்த ஷிப்ட் என்று கேட்கிறார்கள்.

ஊர் வளர்வதற்கு அடையாளமாக மரியசூசை கடைசியில் காட்டியது சிவப்புச் சாயம் அடித்த முளைக்குச்சிகளை. துறையிலிருந்து உள்ளே வரை வரிசையாக அடித்திருந்தார்கள்.

"சடக்கு வருது" என்றார். "லாரி போற மாதிரி நல்ல ரோடு. குச்சி வரிசையில இருக்கற வீடெல்லாம் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். அக்கா கடையும் அதுலதான் மாட்டிக்கிச்சு."

போய்ப் பார்த்தேன். ஒரு சிவப்புக் குச்சி சரியாக அவள் அடுப்புக்குப் பின்னால் நின்றது. என் மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சடக்கே என் வேலையைச் செய்து கொடுத்துவிட்டது. கடை போய்விட்டால் அவளுக்கு இங்கே என்ன இருக்கிறது?

நாலாம் நாள் மத்தியானம், பாத்திரம் கழுவி முடித்து அவள் உட்கார்ந்த நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தேன். அம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். வியாழக்கிழமை கப்பல் என்றேன். ஊர் நாக்கு எப்படிப் பேசும் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

"என்னை யாரும் புடிச்சு வக்கலண்ணே. அவர் போன பொறவு மூணு மாசம் இந்த ஊரு எனக்குச் சோறு போட்டுச்சு. வீட்டுக்கு ஒரு நாள்னு மொறை வச்சு. நாலாம் மாசம் நான் ஊருக்குச் சோறு போட ஆரம்பிச்சேன்."

"அது சரி. இப்போ இந்த இடமும் போகிறது. இன்னும் என்ன? நம் வீட்டில் உனக்கு இடமில்லையா?"

"எந்த எடம்?"

"பின்கட்டு அறை இருக்கிறது."

"பெரியத்தை இருந்துச்சே, அந்த அறையா?"

ஆமாம் என்றேன். அப்பாவின் அக்கா. பதினாறு வயதில் தாலியறுத்து வந்து, அந்த அறையிலேயே இருந்து, அந்த அறையிலேயே செத்துப்போனாள்.

"அது பேரு என்னண்ணே?"

நான் வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. பெரியத்தை என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிட்டிருக்கிறோம். பதிவு ஆபீசில் ஆயிரம் பேரின் பெயரை, தகப்பன் பெயரை, பாட்டன் பெயரை நகல் எடுத்திருக்கிறேன். என் வீட்டில் என் கண்ணெதிரே வாழ்ந்தவளின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியாது" என்றாள் குஞ்சம்மாள். "அங்க வந்தா எனக்கு ஒரு மூலை. இங்க எனக்கு நாலு அடுப்பு. என் பேரச் சொன்னா பினாங்குல இருக்கறவன்கூட வழி சொல்லுவான்."

அது உண்மை என்பது எனக்குத்தான் தெரியுமே. ஆனாலும் கோபம் வந்தது. களைத்தவனுக்கு வரும் கோபம். அதற்கு வேகம் இருக்காது, கசப்பு மட்டும் இருக்கும். "கடையைப் பிரித்துப் போட்ட பிறகு பேசுவோம்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் ஊரார் அவளுக்கு வேறு இடம் ஒதுக்கியிருந்தார்கள், ஆனால் கடையைப் பிரிப்பது லேசான காரியம் இல்லை. அத்தாப்பு ஓலையைக் கழற்றினால் நொறுங்கிவிடும், புது ஓலைதான் போட வேண்டும். பிரித்துக் கட்டப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை அத்தனை பேர் சோற்றுக்கு எங்கே போவார்கள்? இதைப் பற்றிச் சனிக்கிழமை மாலை கடை வாசலிலேயே பேச்சு நடந்தது. மரியசூசை ஒன்று சொன்னார், மற்றவர்கள் ஒன்று சொன்னார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் மலாய்க்காரர், படகு கட்டும் தச்சர், எல்லோரும் பாக் மான் என்று கூப்பிடுவார்கள், அவர் கோப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"வீட்டை எதுக்குப் பிரிக்கணும், அதுக்குக் கால் இருக்கே, நடத்திக் கூட்டிட்டுப் போவலாம்னு சொல்றாரு" என்றார் மரியசூசை. "அவங்க கம்பத்துல, அதான் கிராமத்துல, அப்படித்தான் செய்வாங்களாம். ஆள் சேந்து அப்படியே தூக்கிருவாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை துறையில் வேலை இல்லை. பொழுது விடியும்போதே ஆட்கள் வந்துவிட்டார்கள். தமிழர்கள், பாக் மானின் மகன்கள், மருமகன்கள், எதிர்ச்சந்து மளிகைக்காரச் சீனரின் இரண்டு தம்பிகள் என்று நாற்பது ஐம்பது பேர் இருக்கும். பாத்திரங்களையெல்லாம் வெளியே எடுத்து அடுக்கினார்கள். மரக்கால்களோடு சேர்த்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பருத்த மூங்கில்களைப் பிரப்பங்கொடியால் கட்டினார் பாக் மான். ஒவ்வொரு கட்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். குஞ்சம்மாள் அடுப்பிலிருந்த நெருப்பை ஒரு சட்டியில் வாரி எடுத்து, தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் ஏற்றிக்கொண்டாள்.

"பன்னெண்டு மணிக்கு எல்லாருக்கும் சோறு. புது எடத்துல" என்றாள்.

நான் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வீடு விழுந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். யாருக்கும் அடிபடாமல், வீடு மட்டும் உடைந்து விழட்டும் என்று நினைத்தேன்.

"சாத்து, டுவா, தீகா... அங்காட்!" என்றார் பாக் மான். ஒன்று, இரண்டு, மூன்று, தூக்கு. ஐம்பது தோள்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. வீடு முனகிற்று. கற்களை விட்டு எழுந்தது. கூரையிலிருந்து தூசியும் ஒரு பல்லியும் விழுந்தன. பிறகு வீடு நடந்தது.

எங்கள் ஆபீசில் வீடு என்றால் நான்கெல்லை எழுத வேண்டும். கிழக்கே இன்னார் மனை, மேற்கே இன்னார் தோட்டம். இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் எழுதினேன். இந்த வீட்டுக்கு வடக்கும் தெற்கும் என் கண் முன்னால் மாறிக்கொண்டே போயின. முன்னால் நெருப்புச் சட்டியோடு என் தங்கை. அவள் பின்னால் ஐம்பது ஜோடிக் கால்கள். மூங்கிலுக்கடியில் குனிந்தவர்களுக்கு வழி தெரியாது. பாக் மான் பின்னோக்கி நடந்துகொண்டே "கீரி, கீரி" என்று கத்தினார். எங்கே கீரிப்பிள்ளை குறுக்கே போகிறதோ என்று நான் தரையைப் பார்த்தேன். வீடு இடது பக்கம் திரும்பியது. அப்போதுதான் அதன் அர்த்தம் தெரிந்தது. பிறகு "கானான்" என்றார், வலது பக்கம் திரும்பியது.

பாதி வழியில் ஒரு சாக்கடை. பலகை போட்டிருந்தார்கள். முன் பாதி தாண்டிவிட்டது. பின் மூலையில் மரியசூசை. அவர் காலுக்குக் கீழே பலகை சட்டென்று விலகிற்று. ஒரு கால் இடுப்பு வரை சாக்கடைக்குள் போய்விட்டது. அந்த மூலை இறங்கியது. சுவர்ப் பலகை ஒன்று படீரென்று பிளந்தது. கூரை அவர் பக்கமாகச் சாய்ந்தது. மூங்கிலுக்கடியில் இருந்தவர்கள் என்னவென்று தெரியாமல் கத்தினார்கள். குஞ்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். தலையில் நெருப்பு, கையை எடுக்க முடியாது. கத்தவில்லை. வீட்டைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்தாள்.

நான் எப்படிச் சாக்கடைக்குள் இறங்கினேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை. மூங்கில் முனை என் வலது தோளில் இருந்தது. இடுப்பு வரை நாற்றச் சேறு. எலும்புக்குள் எதுவோ நெரிந்தது. அத்தனை வருஷம் எனக்குப் பாரம் என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் ஒன்றுமில்லை, பாரம் என்றால் இதுதான். பக்கத்தில் மரியசூசை எழுந்து நின்று, அவரும் தோளைக் கொடுத்தார்.

"விட்றாதீங்க அண்ணே! விட்றாதீங்க!"

"விடலை" என்றேன்.

"பிலான், பிலான்" என்று பாக் மானின் குரல். மெதுவாக, மெதுவாக. வீடு நிமிர்ந்தது. பின் பாதியும் தாண்டியது. நான் விலகவில்லை. மிச்ச தூரமும் மூங்கிலுக்கடியிலேயே நடந்தேன். முன்னால் போகிறவனின் வியர்த்த முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கீரி என்றபோது இடது பக்கம் திரும்பினேன், கானான் என்றபோது வலது பக்கம்.

நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில், புதிதாகச் சாம்பல் கொட்டி நிரவிய இடத்தில் வீட்டை இறக்கினோம். ஒரு பலகை போயிற்று, கூரையில் ஒரு மூலை ஓலை சரிந்தது, அவ்வளவுதான். ஆட்கள் ஆங்காங்கே மல்லாந்து படுத்துவிட்டார்கள். குஞ்சம்மாள் மூன்று கல்லைக் கூட்டி, சட்டி நெருப்பைக் கொட்டி, குனிந்து ஊதினாள். பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒன்றரை மணிக்குச் சோறு ஆயிற்று. முதல் தட்டை மரியசூசைக்கு வைத்தாள், இரண்டாவதைப் பாக் மானுக்கு வைத்தாள். எனக்கு எல்லோரையும் போல வரிசையில்தான் வந்தது. அப்போது அவள் என் தோளைப் பார்த்தாள். தோல் கிழிந்து, கருநீலமாகக் கன்றியிருந்தது. தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் என்னால் கையைத் தூக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்கள் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சாக்கடையில் நின்றவன் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்காமல் யாரும் போகவில்லை. கப்பல் பேச்சை நான் எடுக்கவில்லை. அவள்தான் எடுத்தாள்.

"நாளைக்குச் சீக்கிரம் கெளம்பணும் நீ. தண்டலண்ணே பெர்ரி வரைக்கும் வருவாரு."

"அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"பொய் சொல்லாத. கடைனே சொல்லு."

துறை வரை வழியனுப்பக்கூட அவள் வரவில்லை. காலைச் சாப்பாட்டு நேரம், விட்டுவிட்டு வர முடியாது. வாசலில் நின்று, அகப்பையைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுததை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

அன்றிரவு மறுபடியும் சூலியா தெருவில் தங்கினேன். ராவுத்தரிடம், "குஞ்சம்மாள் என் கூடப் பிறந்த தங்கை" என்றேன்.

"அன்னைக்கே தெரியும்" என்றார் அவர். "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு."

வியாழக்கிழமைக் கப்பலில் மறுபடி ஏழு நாள் உட்கார்ந்தேன். இடது பக்கம் சாய்ந்துதான் தூங்க முடிந்தது. ரயிலும் வண்டியும் மாறி வீட்டு வாசலில் நான் தனியாக இறங்கியதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் இருண்டுபோயிற்று. தண்ணீர்கூடக் கொடுக்காமல், "எங்கடா அவ?" என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்து முதல் நாளிலிருந்து சொன்னேன். ஒன்றையும் மாற்றவில்லை. கடையைச் சொன்னேன், பெஞ்சைச் சொன்னேன், பூப்போட்ட சேலையையும் சொன்னேன். பெரியத்தையின் பெயர் எனக்குத் தெரியாமல் போனதைச் சொன்னபோது அம்மா தரையைப் பார்த்தாள். "காமாட்சி" என்றாள் மெதுவாக. பிறகு வீட்டைத் தூக்கியதைச் சொன்னேன். தலையை நிமிர்த்தினாள்.

"நீயும் தோள் குடுத்தியா?"

சட்டையைக் கழற்றிக் காட்டினேன். காயம் ஆறி, மஞ்சளாகத் தழும்பு கட்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பங்கஜம் கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன அண்ணி, பினாங்குக்காரி வந்துட்டாளா?"

அம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஊர்க்காரர்களுக்குச் சொல்லவென்று வரும் வழியில் நான் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எதையும் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் என்ன சொல்லப் போகிறாளோ தெரியவில்லை.

"வரலை" என்றாள் அம்மா. மூன்றாவது வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "எப்படி வருவா? அவளுக்கு அங்க சோத்துக்கடை இருக்கு. ஊரே அவ கையிலதான் சாப்பிடுது."